எங்கே வலிக்கிறது, எதை இறக்குவது: 4×5 கேமரா மூட்டைக்கும் முதுகுக்கும் ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வள்ளிமலையில் ஏறிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் சமணச் சிற்பங்களிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். பாதி வழியில் ஒரு பாறைமேல் காலை எடுத்து வைத்தபோது இடுப்பில் பூட்டு விழுந்ததுபோல் ஆகிவிட்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூட வந்த அக்கா மகன், "மாமா, அசையாதீர்கள், பையை நான் கழற்றுகிறேன்" என்று பின்னாலிருந்து மூட்டையைத் தாங்கியபடியே ஒவ்வொரு பட்டையாக விடுவித்தான். பையை இறக்கி வைத்தவனின் முகத்தைப் பார்த்தபோதுதான் அதன் கனம் எனக்கே உறைத்தது. வீட்டுக்கு வந்து எடை போட்டேன்: 17.5 கிலோ.

பிறகு என்னைக் கவனித்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, கேமராவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. "எந்த நேரத்தில், எந்த அசைவில், எந்த இடத்தில் வலிக்கிறது என்று இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதினேன். எழுதி முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் "முதுகு வலி" என்று ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்தது நான்கைந்து வெவ்வேறு வலிகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. மொத்த எடையைக் குறைத்தால் தீர்ந்துவிடும் என்று கண்மூடித்தனமாகப் புதுக் கேமரா வாங்கியிருந்தால், பணம் போயிருக்கும், வலி இருந்திருக்கும்.

அதனால் கீழே உள்ளதைப் பொருள் வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வலி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். நான் சொல்லும் எடைகள் 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராவுக்கானவை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தாள் ஃபிலிம் போடும் பெரிய கேமராவுக்கானவை. 8×10 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், எடைகள் மட்டும் பெருகும்.

காலில் மரத்துப்போகிறது, வலு குறைகிறது

இதற்குக் கருவியில் தீர்வு தேடாதீர்கள். வலி பிட்டத்திலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை இழுக்கிறது, விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, கால் மடங்கி விழுவது, வலியோடு காய்ச்சல் வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

இன்னொன்று. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மலை ஏறாதீர்கள். "போதும், நிறுத்து" என்று உடம்பு சொல்வது உங்கள் காதில் விழாமல் போய்விடும்.

எங்கே வலிக்கிறது என்றே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எல்லாமே கனமாக இருக்கிறது

அப்படியானால் முதல் வேலை எடை போடுவது. பயணப் பெட்டியை மாட்டித் தூக்கி எடை பார்க்கும் சிறிய தராசு பெரிய பொருள்களுக்குப் போதும், சில்லறைச் சாமான்களுக்குச் சமையலறைத் தராசு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். மனக்கணக்கு இதில் எப்போதும் ஏமாற்றும்.

என் பட்டியல் இப்படி இருந்தது. உலோகத்தாலான மடக்கும் கேமரா 2.8 கிலோ. அலுமினிய ட்ரைபாட் 3.1, அதன் தலைமேல் இருந்த, பற்சக்கரத்தால் கேமராவைத் திருப்பும் கியர் ஹெட் 1.2. மூன்று லென்ஸ்கள், அவற்றைக் கேமராவில் பொருத்தும் போர்டுகளோடு, 2 கிலோ. இரண்டிரண்டு தாள் ஃபிலிம் பிடிக்கும் ஹோல்டர்கள் பத்து, 1.7. வெளிச்சத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டர், ஃபோகஸைப் பெரிதாக்கிப் பார்க்கும் லூப், ஃபில்டர்கள், தலைமேல் போர்த்திக்கொள்ளும் வெல்வெட் கறுப்புத் துணி, இன்னபிற 1.6. தண்ணீரும் சாப்பாடும் 2.2. கடைசியாக, ஒன்றுமே போடாத வெறும் பை 2.9 கிலோ. கேமராவைவிடப் பை கனம்!

இன்று அதே வேலையை 8 கிலோவுக்குள் செய்கிறேன். குறைந்தது 9.5 கிலோ. அதில் கேமராவை மாற்றியதால் குறைந்தது 1.3 கிலோ மட்டுமே. ட்ரைபாடும் தலையும் சேர்ந்து 2.3 கிலோவைக் கொடுத்தன, பை 1.6, லென்ஸ்கள் 1.4. சில்லறைச் சாமான்கள் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் கொடுத்தன. அதிகச் செலவானது எது தெரியுமா? கேமராதான். ஆகவே கேமராவைக் கடைசியில் மாற்றுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். ப்ளைவுட்டில் செய்த இன்ட்ரெபிட் போன்றவை 1.2 கிலோ அளவில் வருகின்றன, ஆசை வருவது இயல்புதான். ஆனால் அதே பணத்தில் பாதியைப் பைக்கும் ட்ரைபாடுக்கும் செலவழித்தால் முதுகுக்குக் கிடைக்கும் நிம்மதி அதைவிட அதிகம்.

மூட்டையைத் தூக்கும் நொடியில் இடுப்பில் சுருக்கென்கிறது

நடக்கும்போது இல்லை, நிற்கும்போது இல்லை, தரையிலிருந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டும் அந்த மூன்று நொடியில் மட்டும் வலிக்கிறது என்றால், குற்றவாளி எடை அல்ல. குனிந்து, உடலைத் திருகி, ஒரு கையால் தூக்கும் அசைவு. எட்டு கிலோவுக்கும் இப்படி வலிக்கும்.

நம் ஊர்ப் பக்கக் கிராமச் சாலைகளில் சில இடங்களில் இன்னும் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்தப்பட்டவை அவை. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை அந்தக் கல்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். திரும்பவும் குனியாமலே ஏற்றிக்கொள்ளலாம். சுமையை ஒருபோதும் தரைக்கு இறக்காதே என்ற அறிவு அந்த உயரத்தில் இருக்கிறது. எத்தனையோ முறை அவற்றைக் கடந்து போயிருக்கிறேன், நோட்டு எழுதிய பிறகுதான் நின்று பார்த்தேன்.

அதையே செய்யுங்கள். வீட்டில் பை தரையில் இருக்கக் கூடாது. மேசைமேல் இருக்க வேண்டும். வெளியே போனால் திண்ணை, மதகுச் சுவர், பாறை, ஸ்கூட்டர் இருக்கை என்று இடுப்பு உயரத்தில் ஓர் இடம் கண்ணில் பட்டால்தான் பையை இறக்குவது என்று வைத்துக்கொண்டேன். இறக்கிய பின் அதற்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, இரண்டு பட்டைகளிலும் கையை நுழைத்து, இடுப்புப் பட்டையைப் பூட்டிவிட்டு எழுந்தால் போதும். தூக்கவே வேண்டாம். சமதரையில் வேறு வழியே இல்லையென்றால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பையை முதலில் மற்றத் தொடைமேல் இழுத்து வைத்து, அங்கிருந்து தோளுக்கு ஏற்றுங்கள்.

காலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எல்லோரும் விடியற்காலை வெளிச்சத்துக்காக நான்கு மணிக்கு எழுகிறவர்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீரை இழுத்து உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதுகூட அதனால்தான். அந்த நிலையில் குனிந்தால் வட்டின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்குவதைத் தவிர்த்தாலே பலருக்கு வலி குறைகிறது. எனவே பையை முந்தின இரவே கட்டி மேசைமேல் வைத்துவிடுங்கள். ஷூவின் கயிற்றை நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முழங்கால்மேல் ஏற்றிக் கட்டுங்கள். எழுந்தவுடன் பத்து நிமிடம் வெறுங்கையோடு நடந்துவிட்டு மூட்டையை மாட்டுங்கள்.

நடக்கும்போது தோளும் கழுத்தும் தீயாய் எரிகிறது

எடை தோளில் தொங்குகிறது, இடுப்பில் உட்காரவில்லை. கேமராப் பைகள் பெரும்பாலானவற்றில் இடுப்புப் பட்டை பெயருக்குத்தான் இருக்கிறது. இரண்டு விரல் அகல நாடா எதையும் தாங்காது. மலை ஏறுகிறவர்களின் பையில் அது உள்ளங்கை அகலத்தில், பஞ்சு வைத்து, விறைப்பாக இருக்கும். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். பூட்டும் வரிசையும் முக்கியம்: முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, அதன் பிறகு தோள் பட்டையைத் தொட்டும் தொடாமலும் சரிசெய்ய வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் தோள் பட்டைக்குக் கீழே இரண்டு விரலை எளிதாக நுழைக்கலாம்.

புதுப் பை வாங்கப் பணம் இல்லையென்றால் ஆம்பூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். தோல் வேலைக்குப் பேர்போன ஊர். நான் பழைய பையை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு பட்டறையில் நுழைந்தேன். பெரியவர் ஒருவர் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கனத்தைத் தோளில் ஏற்றப் போகிறீர்களா, இடுப்பில் ஏற்றப் போகிறீர்களா? அதைச் சொன்னால்தான் பட்டையை எங்கே தைப்பது என்று நான் சொல்ல முடியும்" என்று கேட்டார். எந்தக் கடையிலும் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. "இடுப்பில்தான் ஐயா" என்றதும் பையை என் முதுகில் மாட்டிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் இடுப்பெலும்பைத் தேடிப் பிடித்து, சாக்குக்கட்டியால் பையின் மேல் ஒரு கோடு போட்டார். இருந்த நாடாவைவிட நான்கு விரற்கடை கீழே இருந்தது அந்தக் கோடு. உள்ளே செருப்புக்கு வைக்கும் நுரைத்தாள் இரண்டு அடுக்கு, வெளியே மெல்லிய தோல், தையல் இரட்டை வரிசை. அன்று திரும்பி வரும்போதே தோள் எரிச்சல் பாதியாகிவிட்டது. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

அதன் பிறகு பையையே மாற்றி, 1.3 கிலோ எடையுள்ள மலையேறும் பை ஒன்றுக்குப் போனேன். கேமராப் பையின் கனமெல்லாம் அதன் உள்ளே இருக்கும் மெத்தைத் தடுப்புகள்தான். அவை இல்லாமல் லென்ஸ் உடைந்துவிடாதா என்று கேட்பீர்கள். குடியாத்தம் லுங்கி ஒன்றை இரண்டாகக் கிழித்து, மூடி போட்ட லென்ஸை நான்கு சுற்றுச் சுற்றி வைக்கிறேன். கேமரா மடங்கிப் பெட்டிபோல் ஆகிவிடுவதால் அதற்கு ஒரு துண்டு போதும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அடுக்கும் விதம்: கனமானது முதுகை ஒட்டி, முதுகின் நடு உயரத்தில். கேமராவும் லென்ஸும் அங்கே. ஹோல்டர்கள் அதற்கு வெளியே. துணி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் வெளியே. கனம் முதுகிலிருந்து தள்ளிப் போகப் போக உடம்பு அதை ஈடுகட்ட முன்னால் சாய்கிறது. கீழ் முதுகு நாள் முழுதும் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது

ட்ரைபாடை எந்தப் பக்கம் மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். என் வலது இடுப்பு வலிக்கு வேறு காரணமே இல்லை. பையின் நடுவில், நெட்டுக்குத்தாகக் கட்டுங்கள். ஒற்றைத் தோளில் தொங்கும் பையில் 4×5 சாமான்களைக் கொண்டுபோகவே கூடாது.

கேமராவுக்குப் பின்னால் நின்ற பிறகு நிமிர முடியவில்லை

இதைத்தான் யாரும் எடையோடு சேர்த்துப் பேசுவதில்லை. என் நோட்டில் மிக அதிகமாக எழுதப்பட்டிருந்த வலி இதுவே. சுமந்து நடந்தது முப்பது நிமிடம், கேமராவின் பின்புறத்தில் படம் தலைகீழாக விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸுக்கு முன்னால் குனிந்து நின்றது ஐம்பது நிமிடம். அரைக் குனிவில் அசையாமல் நிற்பது, சுமையோடு நிமிர்ந்து நடப்பதைவிட என் இடுப்புக்குக் கொடுமையாக இருந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று குட்டையான, லேசான ட்ரைபாட் வாங்குகிறோம். ஏறும்போது சுகமாக இருக்கிறது. போய்ச் சேர்ந்த பின் முழுநேரமும் குனிய வேண்டியிருக்கிறது. நானும் இதைச் செய்து, இரண்டு மாதம் கழித்து அதை விற்றேன். ட்ரைபாடில் எடையைக் குறையுங்கள், உயரத்தைக் குறைக்காதீர்கள். நடுத்தண்டை உயர்த்தாமலே, கேமரா ஏறிய பின் கிரவுண்ட் கிளாஸின் நடு உங்கள் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கார்பன் ஃபைபரில் அந்த உயரம் 1.6 கிலோவில் எனக்குக் கிடைத்தது.

அடுத்தது லூப். கண்ணை லூப்பிலும் லூப்பைக் கண்ணாடியிலும் ஒட்ட வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்தும் இடுப்பும் ஒன்றாக வளைகின்றன. மூலைகளைப் பார்க்க இன்னும் திருக வேண்டும். அதற்குப் பதில் மூன்று டயாப்டர் வாசிப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 33 சென்டிமீட்டர் தள்ளி நின்றபடி முழுப் படமும் கூர்மையாகத் தெரியும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கடைசியாக ஃபோகஸைச் சரிபார்க்க மட்டும் சிறிய பிளாஸ்டிக் லூப்பை ஒருமுறை வைத்தால் போதும்.

கறுப்புத் துணியும் வலிக்குக் காரணமாகலாம். கனத்த வெல்வெட் நழுவிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்க ஒரு கையை உயர்த்தி, உடலைக் கோணலாக வைத்து நிற்போம். பெரிய அளவு பருத்தி டீ-ஷர்ட் இரண்டை எடுத்து, உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை வருமாறு ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்துக்கொண்டேன். கழுத்து ஓட்டையைக் கேமராவின் பின்புறத்தில் மாட்டி, கீழ்ப்பக்கம் வழியாகத் தலையை நுழைத்தால் நழுவாது. வெளியே வெள்ளை என்பதால் எங்கள் வேலூர் வெயிலில் உள்ளே தலை வேகாது. பழைய துணி 600 கிராம், இது அதில் பாதிகூட இல்லை.

தாழ்வாக வைத்து எடுக்க வேண்டிய படம் என்றால்? பாறைப் புடைப்புச் சிற்பங்கள், கோயில் அடித்தளக் கல்வெட்டுகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. குனியாதீர்கள், உட்காருங்கள். மூன்று கால் மடக்கு ஸ்டூல் அரைக் கிலோதான், அந்த அரைக் கிலோவை நான் மனமாரச் சுமக்கிறேன். உட்கார இடமில்லாத இடுக்கில் ஒரு சிறு முகக்கண்ணாடியைக் கிரவுண்ட் கிளாஸுக்குப் பின்னால் 45 டிகிரியில் பிடித்து மேலிருந்து பாருங்கள். தலைகீழாக இருந்த படம் நேராகத் தெரியும், இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைத் துணிக்குள் தேடாதீர்கள். ஓர் அட்டையில் 4×5 அளவுக்குச் செவ்வகம் வெட்டி, 15 சென்டிமீட்டர் தள்ளிக் கண்ணுக்கு முன் பிடித்தால் 150 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய எதைப் பார்க்கும் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்து நடந்தபடி இடத்தை முடிவுசெய்த பிறகே ட்ரைபாடை விரியுங்கள். ஐம்பது நிமிடக் குனிவு எனக்குப் பதினைந்தாகக் குறைந்தது இதனால்தான்.

இவ்வளவு செய்தும் பை கனக்கிறது

லென்ஸ்களைப் பாருங்கள். 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ், பெரிய காப்பல் 3 ஷட்டரோடு, ஒரு கிலோவைத் தாண்டும். நிக்கார் எம் 300 மி.மீ. எஃப்/9 வெறும் 290 கிராம். ஃபுஜினான் ஏ 240 மி.மீ. எஃப்/9 அதையும்விட லேசு, சிறிய காப்பல் 0 ஷட்டரில் இருப்பது. இரண்டுக்கும் 52 மி.மீ. ஃபில்டர் போதும், ஆகவே ஃபில்டர் எடையும் இறங்குகிறது. எஃப்/5.6க்கும் எஃப்/9க்கும் வித்தியாசம் ஒன்றேகால் ஸ்டாப்பைவிடச் சற்று அதிகம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கிரவுண்ட் கிளாஸில் படம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். நாம் எப்படியும் எஃப்/22இல்தான் எடுக்கப் போகிறோம், படத்தில் எதையும் இழப்பதில்லை. விடியலுக்கு முன்னாலோ குகைக்குள்ளோ ஃபோகஸ் செய்கிறவர்களுக்கு மட்டும் மங்கல் ஒரு தொல்லை. அவர்கள் சிறிய டார்ச் ஒன்றைப் பொருளின் மேல் அடித்துவிட்டு அந்த வெளிச்சப் புள்ளியில் ஃபோகஸ் செய்யலாம்.

நான் 150, 240 என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். 240ஐ 300க்குப் பதிலாகத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம், லேசான மரக் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடங்கி விரியும் துருத்தி அதிக நீளம் விரியாது. 300 மி.மீ. லென்ஸ் தூரத்து மலையைப் பிடிக்கவே துருத்தி 300 மி.மீ. விரிய வேண்டும், அருகில் வர வர இன்னும் வேண்டும். சிற்பத்தைப் பாதி அளவில் ஃபிலிமில் கொண்டுவர 240க்கு 360 மி.மீ. தேவை, 150க்கு 225 போதும். கேமரா வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 90 மி.மீ. லென்ஸை வீட்டில் விட்டுப் போவது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஓர் ஆண்டில் அதை நான்கு முறைதான் பயன்படுத்தியிருந்தேன்.

ஹோல்டர்களுக்கும் இதே நோட்டு. பத்து ஹோல்டர், இருபது தாள் என்று சுமந்துபோய், ஒருமுறைகூட எட்டுத் தாளுக்கு மேல் நான் எடுத்ததில்லை. இப்போது ஐந்து ஹோல்டர். ஆறு தாள் பிடிக்கும் கிராஃப்மாடிக் என்ற ஹோல்டரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எடை ஏறக்குறைய மூன்று ஹோல்டருக்குச் சமம். முதுகுக்கு லாபமில்லை.

ஸ்பாட் மீட்டரைக் கைப்பேசிச் செயலியாக மாற்றினேன். கறுப்பு-வெள்ளைக்கு அது போதும், ஸ்லைடு ஃபிலிம் எடுக்கிறவர்கள் மீட்டரை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை மட்டும் மற்றதைப்போல் குறைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த மாதங்களில் இரண்டு லிட்டர் இல்லாமல் குன்று ஏறுவது ஆபத்து. நான் ஒரு லிட்டராகக் குறைத்தது அடிவாரத்தில் கடையும் மேலே குழாயும் இருக்கிற இடங்களுக்கு மட்டும். அக்கினி நட்சத்திரத்தில் போவதையே நிறுத்திவிட்டேன்.

எடை குறைந்தது, படம் ஆடுகிறது

லேசான ட்ரைபாடும் விரிந்த துருத்தியும் சேர்ந்தால் காற்றுக்குப் பாய்மரம். ஏலகிரி உச்சியில் என் முதல் நான்கு தாளும் இப்படிப் போயின. ட்ரைபாடின் நடுவில் இருக்கும் கொக்கியில் பையை மாட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்தரத்தில் தொங்கும் பை ஊஞ்சலாடி இன்னும் ஆட்டிவிடும். அடிப்பகுதி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நான் மடித்த மஞ்சப்பை ஒன்றைக் கொண்டுபோய், அங்கே கிடக்கும் கற்களைப் போட்டு மாட்டுகிறேன். வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் கல் கிடைக்காத குன்று இல்லை. கற்களை உட்கார்ந்து பொறுக்குங்கள், குனிந்து அல்ல.

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மெல்லிய கடைசிக் கால்களை முடிந்தவரை நீட்டாதீர்கள். கேபிள் ரிலீஸைத் தளர்வாக, வளைத்துப் பிடியுங்கள். துருத்தியின் காற்று வரும் பக்கத்தில் நீங்களே மறைத்து நில்லுங்கள். கியர் ஹெட்டிலிருந்து, உருண்டைமேல் திரும்பும் 400 கிராம் பால் ஹெட்டுக்கு மாறியவர்களுக்கு, பூட்டிய பின்னும் கேமரா முன்னால் ஒரு மி.மீ. தலைகுனிவது தெரியும். கனத்த லென்ஸோடுதான் இது நடக்கும். எஃப்/9 லென்ஸ்களுக்கு மாறிய பின் எனக்கு நின்றுவிட்டது. பாலாற்று மணலில் ட்ரைபாடை ஊன்றினால், வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி மணலைத் துடையுங்கள். இல்லாவிட்டால் பூட்டு நழுவும்.

அன்று ஒன்றுமில்லை, மறுநாள் காலையில் வலிக்கிறது

நடையைவிடப் பயணத்தை முதலில் சந்தேகியுங்கள். பைக்கில் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் உடம்பு பையைப் பிடித்துத் திருப்புகிறது. ஸ்கூட்டர் என்றால் பை கால் வைக்கும் தட்டில். பைக் என்றால் தோள் பட்டையைத் தளர்த்தி, பையின் அடி பின் இருக்கையில் உட்காரும்படி விடுங்கள். பஸ்ஸில் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் ஏற்றாதீர்கள். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேலும் வைக்காதீர்கள், ஃபிலிம் வெந்துவிடும். கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஃபிலிம் மாற்றும் வேலை. பயணம் முடிந்து வந்து, களைப்போடு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெளிச்சம் புகாத மாற்றும் பைக்குள் இரண்டு கையையும் நுழைத்து, முதுகை வளைத்து அரை மணி நேரம். மறுநாள் வலிக்கு எனக்கு இதுவே காரணமாக இருந்தது. இப்போது சமையலறை மேடையில் பையை விரித்து, நின்றபடி மாற்றுகிறேன். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம்தான் சரியான உயரம். நான்கு தாளுக்கு ஒருமுறை கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் நடக்கிறேன். கையை எடுப்பதற்கு முன் பைக்குள் இருக்கும் ஃபிலிம் பெட்டியை மூடியாகிவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிகள் அதிகம் உள்ள இடத்துக்குப் போயே ஆக வேண்டும்

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். அங்கே இப்போது ரோப் கார் ஓடுகிறது, முதுகு சரியில்லாதவர்கள் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். மற்ற இடங்களில் துணைக்கு ஆள் வேண்டும். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1857-58இல் தென்னகக் கோயில்களைப் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்யக் கிளம்பியபோது, கருவிகள் மாட்டுவண்டிகளில் போயின. பெரிய கேமரா தொடக்கத்திலிருந்தே ஒருவர் முதுகில் ஏறும் பொருளாக இருந்ததில்லை. என் அக்கா மகன் இப்போது ட்ரைபாடையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறான், கேமராவும் லென்ஸும் என்னிடம். நாலரைக் கிலோதான் என் முதுகில். பதிலுக்கு ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு தாள் அவனுக்கு.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏறும்போது மூச்சு நம்மை நிறுத்தும், இறங்கும்போது எதுவும் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு படியிலும் எடை தொப்பென்று இடுப்பில் விழுகிறது. கையில் ஒரு கம்பு இருந்தால் அதில் கொஞ்சத்தைக் கம்பு வாங்கிக்கொள்ளும். ட்ரைபாடைக் கம்பாக ஊன்றாதீர்கள், பூட்டு நழுவினால் கம்போடு நீங்களும் விழுவீர்கள்.

வலி இலேசாக இருக்கிறது, படம் எடுக்காமலும் இருக்க முடியவில்லை

அந்த நாள்களுக்கு என்று தனியாக ஒரு சிறிய பை கட்டி வைத்திருக்கிறேன். கேமரா, 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஹோல்டர் இரண்டு, டீ-ஷர்ட் துணி, வாசிப்புக் கண்ணாடி, ட்ரைபாட். ஐந்து கிலோவுக்குள். போகும் இடம் வேலூர்க் கோட்டை. சமதரை, வண்டி நிறுத்தும் இடம் பக்கத்திலேயே, பையை இறக்கி வைக்க இடுப்பு உயரச் சுவர்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அகழிக்கு இந்தப் பக்கம் நின்று மதிலை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டியதில்லை. லென்ஸ் போர்டை மேலே உயர்த்தினால் மதிலின் கோடுகள் சாயாமல் நிற்கும், நீங்களும் கண்ணுக்கு நேரான கண்ணாடியில் நிமிர்ந்து நின்றே பார்க்கலாம்.

நான்கு தாள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே துணியை விட்டு வெளியே வந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, மெல்லப் பின்னால் ஐந்து முறை சாய்ந்து நிமிர்கிறேன். அதில் வலி கூடினால் அடுத்த தாளை எடுப்பதில்லை. ஹோல்டரின் மூடித்தகடான டார்க் ஸ்லைடைச் செருகி, லென்ஸை மூடி, கேமராவை மடித்து, சுவர்மேல் இருக்கும் பையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.